நண்டாருக்கு எழுதிய பொய்க் கார்டு

அன்பு வசந்தாக்காவுக்கு,

செல்வி எழுதுகிறேன். மாயவரம் பக்கத்துச் செல்வி. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரோரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த எட்டுப் பிள்ளைகளில் கடைசியாகப் பெயர் சொன்னவள். ஒரு புதன்கிழமை நண்டாரே டிவியில் எனக்கு வணக்கம் சொன்னாரே, அந்தச் செல்விதான்.

ஆனால் அது என் பெயர் இல்லை அக்கா. உங்களிடம் நான் இரண்டு பொய் சொன்னேன். ஒன்று கார்டில், ஒன்று நேரில். இரண்டையும் சரிசெய்ய எனக்கு முப்பத்தெட்டு வருஷம் இருந்தது. சென்னைக்கு எத்தனையோ முறை வேலையாக வந்தேன், உங்கள் வீட்டு விலாசம் கூடக் கையில் இருந்தது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றே திரும்பி வந்தேன். இப்போது நீங்கள் போய்விட்டீர்கள். போனால் என்ன, சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கடிதம் முடிவதற்குள் என் பெயரையும் சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூரில் உங்களுக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். நானும் போயிருந்தேன். உங்கள் கேமராக்காரர், தலையெல்லாம் நரைத்துவிட்டது பாவம், மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கதை சொன்னார். "மேடம் ஒவ்வொரு வாரமும் எடிட் முடிஞ்சதும் நாற்காலிய சுவத்துப் பக்கம் திருப்பிப் போட்டுக்குவாங்க. டிவிக்கு முதுகக் காட்டிக்கிட்டு முழு நிகழ்ச்சியையும் கேப்பாங்க. ஒரு இடத்துல புரியலன்னாலும் திருப்பி எடுக்கச் சொல்வாங்க. ஏன்னு கடைசி வரைக்கும் எங்களுக்குச் சொல்லல." கூட்டம் சிரித்தது. மேதைகளுக்கு இப்படி ஒரு கிறுக்கு இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவர் என்னிடம் சொன்னார்.

எனக்குத் தெரியும் ஏன் என்று. எழுந்து சொல்லியிருக்கலாம். எழவில்லை. பத்து வயதில் வாயடைத்துப் போனவள் நாற்பத்தெட்டு வயதிலும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் நடத்திய 'நண்டார் வீடு' நிகழ்ச்சியைப் பார்க்காத இளவட்டங்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு வார்த்தை. புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வரும். வயல் வரப்பில் வளை தோண்டிக் குடியிருக்கும் ஒரு நண்டு, அவருக்குப் பக்கத்து வீட்டுக் கொக்கம்மா. நண்டார் சிவப்புத் துணியில் வைக்கோல் அடைத்த பொம்மை. இரண்டு கொடுக்கும் துணி காயப்போடுகிற கிளிப். கோபம் வந்தால் டக் டக்கென்று அடிப்பார். வரப்பை ஓட்டை போட்டுத் தண்ணீரை வீணாக்குகிறது என்று எங்கள் ஊரில் எல்லாரும் திட்டுகிற அதே நண்டுக்கு 'ஆர்' போட்டு மரியாதை கொடுத்தது நீங்கள் ஒருவர்தான். பாபநாசம் பக்கத்தில் நிலபுலத்தோடு பிறந்த பெண்ணுக்கு அது எப்படித் தோன்றியது? கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

எங்கள் ஊரில் அப்போது ஒரே ஒரு டிவி. பஞ்சாயத்து ஆபீசில் மரப்பெட்டிக்குள் பூட்டி இருக்கும். சாவி தலைவரிடம். தலைவர்தான் ஊருக்கே மிராசுதார். எங்கள் தெரு நின்ற மண்ணும் அவர் பட்டாவில்தான் இருந்தது. தாத்தா காலத்திலிருந்து அங்கே குடியிருந்தோம், அவர் வயலில் நட்டோம், அறுத்தோம், ஆனால் கூரைக்கு ஒரு கீற்று மாற்ற வேண்டுமென்றாலும் அவரிடம் கேட்க வேண்டும். குடியிருக்கிற மனைக்குப் பட்டா கேட்டு அந்த வருஷம் புரட்டாசியில் எங்கள் தெருவே சேர்ந்து மனு கொடுத்தது. முதல் கைநாட்டு என் அப்பாவுடையது.

மறுநாள் தலைவர் தெருமுனைக்கே வந்துவிட்டார். மனுவை வாபஸ் வாங்கு என்றார். முடியாது என்றார்கள். அப்படியானால் என் நடவுக்கு நீங்கள் வேண்டாம் என்று வெளியூர் ஆள் இறக்கினார். கடைசியில் எங்கள் பக்கம் திரும்பி, "டிவி பாக்க வராதீங்க. உங்க அப்பன் மனுவ வாபஸ் வாங்கட்டும், அப்புறம் வாங்க" என்றார். பெரியவர்களுக்கு நடவு போனது இடி. எங்களுக்கு இடி அதுதான்.

விட்டோமா? புதன்கிழமை ஜன்னலில் போய்த் தொற்றிக்கொண்டோம். அதில் ஒரு வேடிக்கை. டிவிப் பெட்டி இருந்த அதே சுவரில்தான் ஜன்னலும் இருந்தது. எட்டிப் பார்த்தால் படம் தெரியாது. உள்ளே உட்கார்ந்து படம் பார்க்கிற பிள்ளைகளின் முகம்தான் தெரியும். கொடுக்கு டக் டக்கென்று அடிக்கும், உள்ளே எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. மிராசுதார் மகன் சேகர் எனக்கு நேரெதிரே உட்கார்ந்திருப்பான். அவன் முகத்தை வைத்துத்தான் நண்டார் என்ன செய்கிறார் என்று நான் ஊகிக்க வேண்டும். அவனுக்கோ எதற்கெடுத்தாலும் ஒரே மாதிரி வாய் பிளக்கும்.

இரண்டு வாரம் பார்த்தேன். மூன்றாம் வாரம் அப்பாவிடம் கேட்டே விட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது அக்கா, எழுதுகிறேன்.

"அப்பா, அந்த மனுவ வாபஸ் வாங்கிடுங்கப்பா. நண்டார் பாக்கணும்."

அப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று ஒதுங்கி நின்றேன். அவர் சிரித்துவிட்டார். "அந்த நண்டு எங்க புள்ள இருக்கு?"

"வளையில."

"யாரு வளை?"

"அதோடதுதான்."

"பாத்தியா. ஒரு நண்டுக்கே சொந்தமா வளை இருக்கு" என்றார். ஆனால் மீதிக் கஞ்சியை அவர் குடிக்கவில்லை. அம்மா என்னை முறைத்துக்கொண்டே சட்டியை எடுத்துப் போனாள். பட்டினி கிடந்து நிற்கிற ஒரு மனுஷனை, டிவிக்காக விட்டுக்கொடு என்று சொந்த மகள் கேட்டால் எப்படி இருக்கும்? அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. ஒரு பொம்மையைப் பார்க்க முடியாத அழுகைதான் பெரிதாக இருந்தது.

அந்த அழுகையில்தான் கார்டு எழுதினேன். பள்ளிக்கூடத்துப் பக்கத்துத் தபால்பெட்டியில் போட்டேன். விலாசம்: நண்டார், நண்டார் வீடு, டிவி ஸ்டேஷன், சென்னை. உள்ளே எழுதியது எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது.

'அன்புள்ள நண்டாருக்கு, எங்கள் ஊர் டிவியில் படம் வரவில்லை. பேச்சு மட்டும் கேட்கிறது. ஆகையால் நீங்கள் என்ன செய்தாலும் வாயால் சொல்லிவிட்டுச் செய்யவும்.'

கீழே பெயர், வகுப்பு, ஊர்.

படம் வரவில்லை என்பது முதல் பொய். எங்களை உள்ளே விடவில்லை என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியவர் வேறொருவர் என்பது அந்த வயதில் தெரியவில்லை. அப்புறம், நண்டு கார்டைப் படிக்குமா என்ற சந்தேகமும் எனக்கு வரவில்லை. விலாசம் சரியாக எழுதினால் போய்ச் சேரும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார், நான் நம்பினேன்.

கார்டு போய்ச் சேர்ந்தது. வினையும் சேர்ந்து வந்தது. ஸ்டேஷனிலிருந்து தலைவருக்கு ஒரு கடுதாசி. தங்கள் ஊராட்சியின் தொலைக்காட்சிப் பெட்டியில் படம் தெரியவில்லை எனச் சிறுவர்கள் எழுதியுள்ளனர், பழுது நீக்கவும். தலைவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆடித் தீர்த்தார். "தாசில்தாருக்கு மனு போட்டது பத்தாதுன்னு இப்ப டிவி ஸ்டேஷனுக்கும் மனுவா? எவன் எழுதினான்னு கண்டுபிடிக்கிறேன். அந்த வீட்டுக் கூரை நிக்காது." அடுத்த புதன்கிழமை ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். சேகர் முகமும் போயிற்று.

கூரை நிக்காது என்றால் எங்கள் கூரை. என்னால்தான் போகப் போகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சுவரோரம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஐப்பசித் தூறல். உள்ளே பாட்டு முடிந்து நண்டார் வந்தார். அந்தக் குரல் இன்னமும் காதில் இருக்கிறது அக்கா.

"பிள்ளைங்களா, நான் இப்ப வளையிலேர்ந்து தலைய நீட்டுறேன். வெளிய வந்துட்டேன். வலது கொடுக்கத் தூக்குறேன். கொக்கம்மா ஒத்தக் கால்ல நின்னு தூங்குது. அது மூக்கு நுனியில ஒரு மீனு தொங்குது. நான் மெதுவ்வா கிட்டப் போறேன்..."

எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மீன் விழுந்தது எங்களுக்குத் தெரிந்தது. உள்ளே இருந்தவர்கள் சிரித்த அதே நொடியில் நாங்களும் சிரித்தோம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் முழுக் கதையும் சொன்னேன். அதற்குப் பிறகு மனுவைப் பற்றி நான் மட்டுமல்ல, தெருவில் எந்தப் பிள்ளையும் வாய் திறக்கவில்லை. மறுவாரம் அம்மாக்களும் வந்து சுவரில் சாய்ந்துகொண்டார்கள். நடவு இல்லாத நாளில் அவர்களுக்கும் வேறென்ன வேலை? எங்கள் தெரு உறுதியாக நின்றதற்குப் பல காரணம் உண்டு, எல்லாப் புகழையும் உங்களுக்குத் தூக்கிக் கொடுக்க மாட்டேன். ஆனால் பிள்ளைகள் நச்சரிப்பு இல்லாமல் நின்றதற்கு நண்டார்தான் காரணம் என்று அப்பா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தீபாவளி லீவுக்குப் பாபநாசம் வந்திருந்த நீங்கள், ஒரு புதன்கிழமை பஸ் பிடித்து எங்கள் ஊருக்கே வந்துவிட்டீர்கள். பழுதான டிவியைப் பார்க்க. நீலப் புடவை, தோளில் ஜோல்னாப் பை, கையில் நனைந்த குடை. நண்டாருக்குக் குரல் கொடுப்பது ஒரு பொம்பளை என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தலைவர் பெட்டியைத் திறந்து போட்டுக் காட்டினார். "பாருங்கம்மா, பளிச்சுனு இருக்கா இல்லையா? எல்லாம் இந்தக் காலனிப் பசங்க பண்ற வேலை. உக்காருங்க, காபி வரும்."

நீங்கள் உட்காரவில்லை. "சூப்பரா வருதுங்களே" என்றீர்கள். பிறகு, "ஜன்னல ஏங்க சாத்தி வச்சிருக்கீங்க? புழுக்கமா இருக்கு" என்று நீங்களே போய்க் கொக்கியைத் தூக்கித் திறந்தீர்கள். கீழே, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நாங்கள் எட்டுப் பேர். எங்களைப் பார்த்தீர்கள். அதே சுவரோரம் இருந்த டிவியைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

வெளியே வந்து, புடவையைச் செருகிக்கொண்டு, நாங்கள் கீழே விரித்த சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். தலைவர் வாசலில் காபி டம்ளரோடு நின்றார். உங்கள் சாதி என்ன, உங்கள் அப்பாவுக்கு எத்தனை வேலி நிலம் என்றெல்லாம் அதற்குள் விசாரித்து வைத்திருந்தார். அதனால்தான் அவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஆறு மணிக்கு உங்கள் நிகழ்ச்சியை நீங்களே சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டீர்கள். பாதியில் நண்டார், "அடடா, இது எவ்வளவு அழகா இருக்கு!" என்றார்.

"எது?" என்று எங்களிடம் கேட்டீர்கள்.

"தெரியலக்கா."

"எனக்கும் மறந்துபோச்சுடி" என்று தலையில் அடித்துக்கொண்டு நோட்டை எடுத்து என்னவோ எழுதினீர்கள். நாற்காலியைத் திருப்பிப் போடும் வழக்கம் அந்தச் சாக்கில்தான் தொடங்கியது என்பது என் எண்ணம். கேமராக்காரர் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

கிளம்பும்போது தலைவர் விடவில்லை. "அந்தக் கார்டுல பேரு இருக்குமேம்மா. யாருன்னு சொல்லிட்டுப் போங்க."

என் உயிர் என்னிடம் இல்லை. நீங்கள் பைக்குள் கையை விட்டீர்கள், துழாவினீர்கள், கார்டை எடுத்துக் கண்ணருகே பிடித்தீர்கள், உள்ளே போட்டுக்கொண்டீர்கள். "மழையில நனைஞ்சு பேரெல்லாம் கரைஞ்சு போச்சுங்க. ஊரு பேரு மட்டும்தான் தெரியுது" என்றீர்கள். அந்த மழைக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

பிறகு எங்களிடம் வந்து ஒவ்வொருவராகப் பெயர் கேட்டீர்கள். தலைவர் இன்னும் வாசலில்தான் நின்றார். ஒருவேளை கார்டில் பாதி எழுத்து மிச்சம் இருந்தால்? பயத்தில் என் வாயில் வந்த பெயர் செல்வி. அது இரண்டாவது பொய். மற்ற ஏழு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், ஆனால் ஒருத்தரும் காட்டிக்கொடுக்கவில்லை. "செல்வியா? நல்ல பேரு" என்று என் ரிப்பனைச் சரிசெய்துவிட்டுப் போனீர்கள். அடுத்த வாரம் நண்டார் செல்விக்கு வணக்கம் வைத்தார். தெருவே என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இனி இங்கத்துச் செய்தி. பட்டா வந்தது அக்கா, மூன்று வருஷம் கழித்து. அதற்குள் கோட்டையில் ஆள் மாறினார்கள், வேட்டிக் கரை மாறியது, மனு மட்டும் அதே அலமாரியில் இருந்தது. ஒருநாள் தாசில்தார் எங்கள் தெருவுக்கே வந்து பெயர் பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். அப்பா காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினார். பழைய பஞ்சாயத்து ஆபீசை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். இப்போது தலைவர், சாக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மல்லிகா. கட்டும்போது அவள் கொத்தனாரிடம் நின்று நான்கு சுவரிலும் ஜன்னல் வைக்கச் சொன்னாள். எதற்கு இத்தனை ஜன்னல் என்று அவர் இன்னமும் புலம்புகிறாராம்.

நான் என்ன ஆனேன் என்று கேட்கவே இல்லையே? தாலுகா ஆபீசில் துணைத் தாசில்தார். பட்டா மனுக்கள்தான் என் மேஜைக்கு வருகின்றன. மனு கொடுக்க வருகிறவருக்கு ஆபீசில் என்ன நடக்கிறது என்றே தெரியாது, எங்கள் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டு நிற்பார். அதை என்னால் தாங்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். "இப்ப உங்க மனுவ எடுக்குறேன். சர்வே நம்பரக் கம்ப்யூட்டர்ல போடுறேன். இங்க ஒரு கையெழுத்து இல்ல, அதான் நிக்குது. நீங்களே பாருங்க" என்று திரையையும் அவர்கள் பக்கம் திருப்பிவிடுவேன். ஆபீசில் எனக்குத் தொணதொணப்பு மேடம் என்று பெயர். இருக்கட்டும்.

போன மாதம் ஒருவர் பட்டா மாறுதலுக்கு வந்தார். பெயரைப் பார்த்ததும் கை நின்றது. சேகர். மிராசுதார் மகன். நிலமெல்லாம் பங்காகிக் கரைந்து மிச்சம் இருந்த கொஞ்சத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். உண்மையைச் சொல்கிறேன், இவரை நாலு நாள் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தால் என்ன என்று ஆசையாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் அந்த ஆசையோடு இருந்துவிட்டு, "இப்ப உங்க மனுவ எடுக்குறேன்" என்று ஆரம்பித்தேன்.

அவர் சிரித்தார். "என்ன மேடம், நண்டார் மாதிரியே பேசுறீங்க! சின்ன வயசுல பாப்போம். நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு அது தொணதொணன்னு பேச ஆரம்பிச்சுடுச்சு. எங்களுக்குப் பிடிக்கவே இல்ல."

"உங்களுக்காகப் பேசலீங்க. ஜன்னலுக்கு வெளியில உக்காந்திருந்த எங்களுக்காகப் பேசுச்சு" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. "ஜன்னல சாத்தினது நான்தாங்க" என்றார். "அப்பா சொன்னாரு, சாத்திட்டேன். சாத்துறப்ப ஒரு புள்ள என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. சிவப்பு ரிப்பன்."

அவர் மனுவை அன்றைக்கே முடித்துக் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது, நிறுத்தி வைக்க ஒன்றும் இல்லை. போகும்போது அவர் கும்பிட்டார், நானும் கும்பிட்டேன். அவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டார், எனக்கென்ன கேடு என்று அன்றைக்குத் தோன்றியது. அடுத்த வாரமே சென்னைக்கு வருவதாக இருந்தேன். அதற்குள் பேப்பரில் உங்கள் படம் வந்துவிட்டது.

நினைவுக் கூட்டத்தில் நான் கடைசியாகப் பார்த்ததை இதுவரை சொல்லவில்லை. உங்கள் மகள் ஒரு மேஜையில் உங்கள் சாமான்களை வைத்திருந்தார். நண்டார் இருந்தார், ஒரு கிளிப்பில் துரு. கொக்கம்மா இருந்தார். பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு போஸ்ட் கார்டு.

அக்கா, அதில் ஒரு சொட்டு மழை படவில்லை. நீல மை அப்படியே இருந்தது. என் கோணல் எழுத்தில் என் பெயர், ஐந்தாம் வகுப்பு, ஊர், எல்லாம் பளிச்சென்று. ஓரத்தில் உங்கள் பென்சில் எழுத்து: 'செல்வி என்று சொன்னவள். பயம் தெளியட்டும். நாமாகக் கேட்க வேண்டாம்.'

முப்பத்தெட்டு வருஷமாக நீங்கள் கேட்காமலே இருந்திருக்கிறீர்கள். அந்த மேஜைக்கு முன்னால் நின்று அழுதேன். உங்கள் மகள் தண்ணீர் கொடுத்தார், யாரென்று கேட்டார். அப்போதும் வாய் வரவில்லை. அதனால்தான் ஊரறிய இந்தக் கடிதம்.

பயம் தெளிந்துவிட்டது அக்கா. கார்டைத் திருத்தி எழுதுகிறேன். எங்கள் ஊர் டிவியில் படம் நன்றாகவே வந்தது. பட்டா கேட்டவர்களின் பிள்ளைகள் என்று எங்களை உள்ளே விடவில்லை. நீங்கள் சொன்னதெல்லாம் எங்களுக்குக் கேட்டது. என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கிற யாரும் இனி என் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்காது. நான் ஓய்வு பெறும் நாள்வரை வாயால் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

இப்போது பேனாவைக் கீழே வைக்கப் போகிறேன். அதற்கு முன்னால் என் பெயரை எழுதுகிறேன்.

உங்கள் தங்கை
ம. அமுதா,
ஐந்தாம் வகுப்பு.